தலைக்கணக்கு

விடியுமுன் படகு கரை தட்டும்.
நிலைவலை மீன் சரிந்து விழுகிற மேசையில்
இந்த முனை என்னுடையது.
சங்கம் கொடுத்த படிவம், ஈரத்திலும் எழுதும் பென்சில்.
தலையில்லாத சால்மன்களை எண்ண வேண்டும்.

தலையில்லாததற்கு என்ன தலைக்கணக்கு என்று
முதல் வருடம் சிரித்தோம்.
வாலைப் பிடித்து எண்ணு என்றான் டொகுஜி.
இப்போது அவன் சிரிப்பதில்லை.

செப்டம்பர் பத்தொன்பது: நாற்பத்தொன்று.
இருபது: காற்று, படகு போகவில்லை.
அவை போயிருக்கும்.
இருபத்தொன்று: நூற்றுப் பதினேழு.

முழு மீனையும் தின்றுவிட்டால்
பசி என்று சொல்லி மனசை ஆற்றலாம்.
கடல்நாய் தலையை மட்டும் கடிக்கும்.
மீதியை வலைக்குள்ளேயே விட்டுவிட்டு
அடுத்த மீனுக்குப் போகும்,
கடனுக்குச் சாப்பிடுகிறவனின் நிதானத்தோடு.
உடல் பளபளவென்று இருக்கும்.
ஆனால் தலை போன மீனுக்கு
ஏலத்தில் யாரும் கை தூக்குவதில்லை.

டொகுஜிக்கும் தலைதான் பிடிக்கும்.
மூக்குத்தண்டின் குருத்தெலும்பை
கண்ணாடி போல் சீவி
முள்ளங்கியோடு வினிகரில் போட்டால்
சோறு கேட்க மாட்டான்.
ஒரு நாள் குடித்துவிட்டுச் சொன்னான்:
"ருசி தெரிந்த பயல்."
யாரை என்று நான் கேட்கவில்லை.

என் தம்பி ஷுன்பெய் முனையில் படகு ஓட்டுகிறான்,
சப்போரோவிலிருந்து வருகிறவர்களுக்கு
பாறையில் படுத்திருப்பவற்றைக் காட்ட.
கருந்தோலில் காசு காசாய் வெள்ளை வளையம்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறான்.
எங்கள் அப்பாவின் நினைவுநாளில்
இவனும் அவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து
நடுவில் இருந்த சோயா புட்டியை
என் வழியாகவே கேட்டு வாங்கினார்கள்.

அக்டோபர் எட்டு.
வலையைத் தூக்கியபோது
மீனோடு மீனாக அதுவும் வந்தது.
மே மாதக் குட்டி.
உள்ளே போன வழி
வெளியே வரும் வழியாக இல்லை.
டொகுஜி இரண்டு கையிலும் ஏந்தி வந்து
என் மேசையில் வைத்தான்.
எறியவில்லை. வைத்தான்.
மீசையில் செதில் ஒட்டியிருந்தது.

பல்கலைக்கழகத்துப் பெண் மிட்டோபே வரும்வரை
அதைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தோம்.
சொல்லியனுப்பியது யாரோ,
ஷுன்பெய்யும் வந்து
கதவுக்கு வெளியே மழையில் நின்றான்.
இது எந்தப் பெயர் என்று
யாரும் அவனிடம் கேட்கவில்லை.

எடை பார்க்க வேண்டும் என்றாள் மிட்டோபே.
எங்களிடம் இருப்பது ஒரே தராசு.
ஏற்றியதும் அது வழக்கம்போல் கிர்ர் என்று
சீட்டு ஒன்றைத் துப்பியது.
யாரும் பொத்தானை மாற்றவில்லை:

சால்மன், ஆண், முதல் தரம்.
31.4 கிலோ.
கிலோ 840 யென்.
மொத்தம் 26,376.

அந்த விலைக்கு அன்று ஒரு மீனும் போகவில்லை.

மிட்டோபே தராசின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.
சீட்டை டொகுஜி கிழித்தான்,
நாலாய் மடித்து
எண்ணெய்த்துணிச் சட்டைக்குள் கைவிட்டுப்
பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.
வெளியே போய்
ஷுன்பெய்யிடம் சிகரெட்டுக்குத் தீ கேட்டான்.
இரண்டு பேருக்கும் நனைந்திருந்தது.

அன்றையக் கணக்கு அறுபத்து மூன்று.
வலையில் செத்த மற்றதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
குறிப்பு என்ற இடத்தில்
"தலையோடு ஒன்று" என்று எழுதினேன்.
சங்கத்துக்காரர் தொலைபேசியில் கேட்டார்,
தவறுதலாக எழுதினீர்களா?
இல்லை என்றேன்.

மறுநாள் நூற்று நான்கு.
மாலையில் படகுத்துறைக்கு எதிரே
தண்ணீருக்கு மேல் தலைகள்,
உருண்டையாய், கறுப்பாய்,
எங்களைப் பார்த்தபடி.
டொகுஜி கெட்ட வார்த்தைகளாய் வீசினான்,
கையில் கிடைத்த மிதவையையும் வீசினான்,
பிறகு அந்த மிதவையை எடுக்க
அரைமணி நேரம் துடுப்பு போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கையில்
பாக்கெட்டில் சீட்டு.
எடுத்து அலமாரியில் வைத்தேன்.
அடுத்த ஞாயிற்றுக்கிழமை
அது மறுபடியும் பாக்கெட்டில் இருந்தது.